காதில் விழுந்த பாதி

என் கணவருக்குக் காது கேட்காது. இதை நான் சொல்லக் கூடாது. ஊர் சொல்லலாம், கீழ்வீட்டுக்காரர் சொல்லலாம், அடுப்பில் இருக்கும் குக்கர்கூட விசிலடித்து விசிலடித்துச் சொல்லலாம். நான் சொன்னால் மட்டும் வீட்டில் யுத்தம். "எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது. நீங்க யாரும் வாயைத் திறந்து பேசறதில்ல" என்பார். உலகத்தில் உள்ள எல்லாரும் ஒரு நாள் கூடிப் பேசி, இனிமேல் இந்த மனிதரிடம் முணுமுணுப்பதுதான் என்று முடிவெடுத்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

மரப் பட்டறை வைத்திருக்கிறார். தகரக் கூரைக்குக் கீழே அறுவை மெஷினும் இழைப்பு மெஷினும் போட்டி போட்டுக் கத்த, பாதி ஆயுளை அதற்குள்ளேயே கழித்தவர். காதில் பஞ்சாவது வையுங்கள் என்று கல்யாணமான புதிதில் சொன்னேன். மெஷின் சத்தத்தைக் கேட்டால்தான் பிளேடு மழுங்கியது தெரியும் என்றார். பிளேடெல்லாம் நலமாக இருக்கிறது. காதுதான் மழுங்கிவிட்டது.

நானோ மருந்துக் கடை கவுண்டரில் நிற்கிறவள். வாய்க்குள்ளேயே முனகுகிறவர்கள், சீட்டை வீட்டில் விட்டுவிட்டு மருந்தின் பாதிப் பெயரை மட்டும் சொல்கிறவர்கள், வெட்கப்பட்டுக் கிசுகிசுக்கிறவர்கள், இவர்கள் எல்லாரையும் நாள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், என்னைக் கேட்க ஆள் இல்லை. தங்கள் கணவர்மார் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறார்கள் என்று கடையில் மற்ற பெண்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும். என் வீட்டில் வாங்குவதே கிடையாதே!

சுத்தமாகக் கேட்காவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம். இவருக்குப் பாதி கேட்கும். மீதியை அவரே போட்டு நிரப்பிக்கொள்வார். "வேணும்" என்பதற்கும் "வேணாம்" என்பதற்கும் அவர் காதில் வித்தியாசமே இல்லை. அன்றைக்கு எது அவருக்குச் சௌகரியமோ அதுதான் நான் சொன்னது. நம் பேச்சில் செய்வேனா மாட்டேனா என்பதெல்லாம் சொல்லின் வாலில்தானே இருக்கிறது? தலையைப் பிடித்ததுமே வாலைத் தானே ஒட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு முறை யாரோ பட்டறைக்கு வந்து ஸ்டூல் விலையெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் மனம் மாறி, "பெஞ்சு போதும்" என்று சொல்லியிருக்கிறார். இவர் காதில் "அஞ்சு" என்று விழுந்திருக்கிறது. எது அஞ்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கமாட்டார். கேட்டால் காது மந்தம் என்று தெரிந்துவிடுமாம்! மும்முரமாக உட்கார்ந்து அஞ்சு ஸ்டூல் செய்து, பாலிஷ் போட்டு, வரிசையாக நிறுத்திவைத்தார். வந்தவர் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார். அஞ்சும் இப்போது எங்கள் வீட்டில், போகிற வருகிற கால்களை இடித்துக்கொண்டு நிற்கின்றன.

காது மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன், கொஞ்சினேன், திட்டினேன். அவர் அதைச் செவிட்டு மெஷின் என்றுதான் சொல்வார். "என்னைக் கிழவனாக்கப் பாக்கறே" என்றார். இப்போதெல்லாம் கடுகளவுதான் இருக்கிறது, வெளியே தெரியாது என்றேன். "காதுக்குப் பின்னாடி பென்சில் வைக்கணுமே, எங்க வைக்கறது?" என்றார்.

"இன்னொரு காது எதுக்கு இருக்கு?"

"அதுக்கும் மெஷின் மாட்டணும்கிறியே."

இது மட்டும் முழுசாகக் கேட்டிருக்கிறது பாருங்கள். தலையில் அடித்துக்கொண்டேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாமல் போனது எங்கள் மகள் விஷயத்தில்தான்.

ஒரே பெண். சிட்டு என்று கூப்பிடுவோம். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், காரில் போனால் அரை நாள் ஆகும். சின்ன வயதிலிருந்தே கேட்க வேண்டியதையெல்லாம் அப்பாவிடம்தான் கேட்பாள். நான் முதலில் கத்திவிட்டுப் பிறகு சரி என்கிறவள், அவர் முதலிலேயே சரி என்கிறவர். கல்யாணத்துக்கு அவளுக்கென்று ஒரு தேக்கு மேசை செய்து கொடுத்தார். ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். அவ்வளவு இழைத்து இழைத்துச் செய்தார். அவர்கள் குடிபோன வீடோ தீப்பெட்டி மாதிரி. மாப்பிள்ளைக்குப் போகும்போது வரும்போதெல்லாம் முட்டியில் இடிக்கிறதாம், முணுமுணுக்கிறாராம் என்று சிட்டு என்னிடம் சொன்னாள். நான் வாய் சும்மா இருக்காமல் இவரிடம் சொல்லிவிட்டேன். அதைச் சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, நன்றாகக் கேட்டுவிட்டது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருடைய ஃபோன் அடித்தது. நான் பக்கத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லும்மா சிட்டு. என்ன? சத்தமாப் பேசு. இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றார். பிறகு ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். முகம் மாறியது.

"அந்தப் பேச்சே வேணாம்மா" என்றார், தெருவுக்கே கேட்கும் குரலில். "கொடுத்தது கொடுத்ததுதான். கொடுத்துட்டுத் திருப்பி எடுத்துக்கற பழக்கம் நம்ம வீட்ல கிடையாது. முன்ன பின்ன இடிக்கத்தான் செய்யும். அனுசரிச்சுக்கணும். எல்லார் வீட்லயும் இருக்கறதுதான்."

ஃபோனைக் கீழே வைத்தார். "வச்சுட்டா" என்றார்.

"எதுக்கு அவகிட்ட இந்தக் கத்து கத்தறீங்க?"

"மேசையைத் திருப்பித் தந்துடவான்னு கேக்கறா. எவ்வளவு திமிர் இருந்தா மாப்பிள்ளை அவளைவிட்டுக் கேக்கச் சொல்லுவாரு?"

இடமில்லையென்று குழந்தை கேட்டால் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டியதுதானே, ஒரு மரத்துண்டுக்கு இவ்வளவு ரோஷமா என்று நானும் என் பங்குக்குக் கத்தினேன். அவர் டிவியைப் போட்டுக்கொண்டார். அந்த டிவிக்குக் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார். எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது.

ஆனால் அன்றோடு சிட்டு அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை. என்னிடம் பேசுவாள், அதுவும் நான் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து. நாலு வார்த்தை பேசுவாள், அப்புறம் பேசறேம்மா என்பாள். குரலில் சுரத்தே இருக்காது. "அப்பா அன்னிக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காதடி" என்றேன் ஒரு நாள்.

"இல்லம்மா, அப்பா சொன்னது சரிதான். அனுசரிச்சுக்கறேன்."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசேன். தவிச்சுப் போறாரு."

"வேணாம்மா."

ஒரு மேசைக்கா இவ்வளவு என்று எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் வந்தது. மாலையில் வீட்டுக்கு வந்தால் இவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "பேசினாளா? என்னைக் கேட்டாளா?" என்பார். கேட்கவில்லை என்பேன். "கேட்டாளா? என்ன கேட்டா?" என்பார் முகம் மலர்ந்து. அந்த நேரத்தில் அழுவதா அடிப்பதா என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேசைதானே பிரச்சினை என்று மடக்கு மேசை ஒன்றுக்குப் படம் போட்டார். சுவரோடு மடித்துவிடலாமாம், மாப்பிள்ளையின் முட்டிக்கு ஒரு சேதமும் வராதாம். "மேசையைச் சரி பண்றதை விட்டுட்டுக் காதைச் சரி பண்ணுங்க" என்றேன். "அன்னிக்கு அவ என்ன கேட்டாளோ, நீங்க என்ன சொன்னீங்களோ! நான் சொல்றதையே ஒழுங்காக் கேக்காத காது, ஃபோன்ல மட்டும் கேட்டுடுச்சா? காதுல மெஷின் மாட்டிக்கிட்டு நிதானமா அவகிட்ட பேசுங்க. இல்லன்னா இருக்கிற ஒரு பொண்ணும் கையை விட்டுப் போயிடும்."

"எனக்குத் தெளிவாக் கேட்டுது" என்றார். "என் பொண்ணு குரல் எனக்குக் கேக்காதா?"

இனிமேல் இவருக்காகக் கத்துவதில்லை, எதையும் இரண்டாம் முறை சொல்வதில்லை என்று நான் வேலைநிறுத்தம் தொடங்கினேன். சாதாரணக் குரலில் ஒரு முறை சொல்வேன், அவ்வளவுதான். சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். அவர் ஆறிய சோற்றைத் தின்றுவிட்டு, "கொஞ்ச நாளா வீடு எவ்வளவு அமைதியா இருக்கு!" என்றார். இதற்கு மேல் ஒரு பெண் என்னதான் செய்வாள், சொல்லுங்கள்.

நேர்வழி சரிப்படவில்லை. அதனால் குறுக்குவழியில் இறங்கினேன்.

"என்னங்க, எனக்குத்தான் காதுல ஏதோ கோளாறு" என்றேன், முகத்துக்கு நேராக நின்று. "கடையில யாரு பேசினாலும் சரியாக் கேக்கல. பரிசோதனை பண்ணிக்கலாம்னு இருக்கேன். துணைக்கு வர்றீங்களா?"

மனிதருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "நான் அப்பவே நினைச்சேன்" என்றார். கீழ்வீட்டுக்காரரைப் படியிலேயே நிறுத்தி, "இவளுக்குக் காது கேக்க மாட்டேங்குது, பாவம். கூட்டிட்டுப் போறேன்" என்று கத்தினார். கீழ்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடித் திறந்தேன். புரிந்துகொண்டார், நல்ல மனிதர்.

காது பரிசோதனை நிலையம் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருந்தது. சோதிக்கிற பெண்ணுக்கு எங்கள் சிட்டுவின் வயதுதான் இருக்கும். முன்கூட்டியே அவளிடம் ஃபோனில் எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தேன். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் என்னை உட்கார வைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்கும்போது பட்டனை அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன். முடிந்தது. "உங்களுக்கு நல்லாவே கேக்குதே" என்றாள்.

"அப்படியா? இவருக்கு என்னைவிட நல்லாக் கேக்கும்" என்றேன். "வேணும்னா சோதிச்சுப் பாருங்க."

மீன் மாட்டியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டு, அவள் எப்போது மெஷினைத் தொடுகிறாளோ அப்போதெல்லாம் பட்டனை அமுக்கினார். பரீட்சையில் காப்பியடிக்கிற பிள்ளைதான்! அவள் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அப்புறம் அவர் விரல் வெகு நேரம் சும்மாவே இருந்தது. சத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று அந்தப் பெண் எனக்கு மெஷினைக் காட்டினாள். எனக்கு அதுவரை இருந்த கோபம் கொஞ்சம் இறங்கி, என்னவோ போல் ஆகிவிட்டது.

அடுத்தது வார்த்தைச் சோதனை. எதிரில் உட்கார்ந்து, ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"மரம்."

"மரம்" என்றார், பெருமையாக.

"பாலம்."

"காலம்."

"செடி."

"வெடி."

"வந்தான்."

"தந்தான்."

இப்படியே போயிற்று. தப்பாகச் சொல்கிறோம் என்கிற சந்தேகம் ஒரு வார்த்தையில்கூட அவருக்கு வரவில்லை. அடித்துச் சொன்னார். கடைசியில் என்னைப் பார்த்து, எப்படி என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார்.

அந்தப் பெண் அட்டையைக் கீழே வைத்தாள். "சாருக்கு முகத்தைப் பாத்துப் பாதி புரிஞ்சுடுது. அதனாலதான் வெளிய தெரியல. முகம் தெரியலன்னா எழுத்தெல்லாம் மாறிடுது. ஃபோன்ல ரொம்பக் கஷ்டமா இருக்குமே, சார்?"

"எனக்கா? நீங்க அட்டையை வச்சு மறைச்சுக்கிட்டு முணுமுணுத்தா யாருக்குத்தான் கேக்கும்?" என்றார்.

வாதாடினால் வேலைக்காகாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு குட்டி மெஷின்களை எடுத்து, காதுக்குப் பின்னால் வைத்து, மெல்லிய குழாயை உள்ளே நுழைத்தாள். "சும்மா பாருங்க சார். பிடிக்கலன்னா கழட்டிடலாம்."

அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "யாரு காகிதத்தைக் கசக்கறது?"

"உங்க சட்டைதான் சார். நீங்க அசையறீங்க."

"இவ்வளவு சத்தமா? மனுஷன் போடுவானா இதை?" என்று என்னைப் பார்த்து முறைத்தார். என் குறுக்குவழி அவருக்குப் புரிந்துவிட்டது. கழற்றப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நல்லவேளை, அவர் கை மேலே போவதற்குள் அந்தப் பெண் மறுபடி அட்டையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள்.

"அதே வார்த்தைங்கதான் சார். பாலம்."

"பாலம்."

"செடி."

"செடி" என்று வெடுக்கென்று சொன்னார்.

"வந்தான்."

"வந்தான்."

அடுத்த வார்த்தையை அவள் சொன்னாள். அவர் திருப்பிச் சொல்லவில்லை. அவள் இன்னொரு முறை சொன்னாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வந்தான்கிறதுக்கு முதல்ல நான் என்ன சொன்னேன்?"

அவள் குறித்து வைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னாள். "தந்தான்னு சொன்னீங்க."

"நீங்க வந்தான்னு சொன்னதைத்தானே நான் தந்தான்னு சொன்னேன்?"

"ஆமா சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பட்டறையில் ஒரு முறை விரல் போக இருந்தபோதுகூட அவர் அப்படி வெளுத்துப் போகவில்லை.

"சிட்டு அன்னிக்கு மேசைன்னு ஒரு வார்த்தைகூடச் சொல்லல" என்றார். "அப்பா, நான் திருப்பித் தந்துடவான்னுதான் கேட்டா. நான்தான் மேசைன்னு எடுத்துக்கிட்டேன்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னதை மனதுக்குள் நானே ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். பிறகு புரிந்தது. அப்பா, நான் திரும்பி வந்துடவா? அதற்கு அவர் சொன்ன பதில் வரிசையாக ஞாபகம் வந்தது. கொடுத்தது கொடுத்ததுதான். திருப்பி எடுத்துக்கற பழக்கம் நம்ம வீட்ல கிடையாது. அனுசரிச்சுக்கணும்.

"ஃபோனைக் கொடு" என்றார்.

அவர் ஃபோனில் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள். என்னுடையதில் கூப்பிட்டேன். வெகு நேரம் அடித்த பிறகு எடுத்தாள். "அப்பா பேசணுமாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"வச்சுடாதம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு நீ கேட்டது, தந்துடவான்னா, வந்துடவான்னா?"

பதில் வரும்வரை நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண் கலங்கியது.

"நான் மேசைன்னு நினைச்சுட்டேம்மா" என்றார். "நீ மேசையைத் திருப்பித் தரேன்கிறேன்னு நினைச்சு... அப்பனுக்குக் காது கேக்கலம்மா. காது சுத்தமாக் கேக்கல எனக்கு."

இத்தனை வருஷம் என் தொண்டைத் தண்ணீர் வற்றியும் வராத வார்த்தை அது. வந்தபோது எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

"கொடுங்க எங்கிட்ட" என்றேன். கொடுக்கவில்லை. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாடி!" என்று அவர் தோளுக்கு மேலாக ஃபோனைப் பார்த்துக் கத்தினேன்.

"அப்பாவே சொல்லிட்டாரேன்னு இருந்துட்டாளாம்" என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது உதடு கோணிக்கொண்டது. உடனே மறுபடி ஃபோனுக்குள் போய்விட்டார். "என்னது? மாப்பிள்ளை பக்கத்து ரூம்ல இருக்காரா? சரி சரி. நீ சத்தம் போடாத. மெதுவாவே பேசும்மா. எனக்குக் கேக்குது."

அந்தப் பெண் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை, எதையும் தானாக நிரப்பிக்கொள்ளவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கை நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டே போனதைத்தான் பார்த்தேன். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மாப்பிள்ளை மேல், இவர் மேல், அந்த மேசை மேல், வாயைத் திறக்காத சிட்டு மேல், எல்லார் மேலும் பற்றிக்கொண்டு வந்தது.

"அன்னிக்குக் கேட்டதை இன்னொரு தடவை கேளும்மா" என்றார்.

அவரோடு ஒட்டி நின்றும் எனக்கு ஓர் எழுத்துகூட விழவில்லை. அவ்வளவு மெதுவாகக் கேட்டிருக்கிறாள். அவருக்குக் கேட்டது.

"வா" என்றார்.

அவள் இன்னும் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "நாளைக்கு இல்ல, இன்னிக்கே" என்றார். "நீ தனியா வர வேணாம். நானும் அம்மாவும் இப்பவே கிளம்பி வரோம்."